‘இங்கே கிழிக்கவும்’ என்ற இடத்தில் ஏன் கிழிவதில்லை?

கேள்வி இது: “ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டுக்குறி இருக்கிறது, ஆனால் அங்கே பிடித்து இழுத்தால் கிழிவதே இல்லை, கடைசியில் பல்தான் துணை. பால் பாக்கெட்டில் அந்தக் குறிகூட இல்லை. சிப்ஸ் பாக்கெட் திடீரென்று பிளந்து பாதியைக் கீழே கொட்டுகிறது. மாத்திரை அட்டையோடு அம்மா தினமும் போராடுகிறார். வேண்டுமென்றே இப்படித் தயாரிக்கிறார்களா? திறப்பதற்கு முறை என்று ஏதாவது உண்டா?”

வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. உங்கள் விரல்களை நினைத்துச் செய்கிறார்களா என்றால், அதுவும் கிடையாது. பாக்கெட்டுக்கான பிலிம் (பிளாஸ்டிக் படலம்) தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பாக்கெட் வடிவமைக்கப்படும்போது அதன்மேல் முதலில் உரிமை கொண்டாடுவது நிரப்பும் இயந்திரம். பிலிம் தங்குதடையின்றி ஓட வேண்டும். அடுத்தது லாரி, அடுக்கிக் குலுக்கினாலும் கசியக் கூடாது. மூன்றாவது கடை, தொங்கவிட்டால் பளபளக்க வேண்டும். திறக்கப்போகிறவர் இவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். ஒரு பாக்கெட் கசிந்தால் பெட்டி முழுவதும் பிசுபிசுத்துப்போய் ஏஜென்ட் திருப்பி அனுப்புவார். தொழிற்சாலையில் விசாரணை நடக்கும். ஒரு பாக்கெட் கிழியாவிட்டால்? வாங்கியவர் கடித்துத் திறந்துவிடுவார். அதற்காக யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. ஆகவே சீல், அதாவது சூட்டில் ஒட்டிய ஓரம், எப்போதும் தேவைக்கு ஒரு படி மேலாகவே போடப்படும்.

ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒரே தாள்போல் இருந்தாலும் அது இரண்டு மூன்று படலங்களை ஒட்டிச் செய்தது. வெளியே பாலியஸ்டர், பெரும்பாலும் 12 மைக்ரான் கனம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அச்சு அதன் உட்புறத்தில் இருப்பதால்தான் எவ்வளவு தேய்த்தாலும் மை வருவதில்லை. நடுவில் உலோகப் பூச்சுப் படலமோ அலுமினியத் தாளோ இருக்கும். உள்ளே பாலித்தீன், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்வது இதுதான்.

இந்த இரண்டு பிளாஸ்டிக்குகளின் குணம் நேரெதிரானது. பாலியஸ்டர் கிழியத் தொடங்க மறுக்கும். ஓரத்தில் சிறு வெட்டு விழுந்துவிட்டாலோ சரசரவென்று போய்விடும். வெட்டுக்குறியின் வேலையே அந்த முதல் வெட்டைப் போட்டுக் கொடுப்பதுதான். நீங்கள் இழுக்கும் விசை முழுவதும் அந்த முனையில் வந்து குவியும். பாலித்தீன் அப்படியல்ல, கிழிவதற்குப் பதில் நீளும். இரண்டும் நன்றாக ஒட்டியிருக்கும்வரை பாலியஸ்டர் போகும் வழியில் பாலித்தீனும் போகும். ஒட்டு பலவீனமாக இருந்தாலோ உள்படலம் கனமாக இருந்தாலோ வெளித்தாள் மட்டும் கிழிந்து, உள்ளிருந்து வெள்ளையாக ஒரு படலம் நாக்குப்போல நீண்டுகொண்டே வரும். நீங்கள் எரிச்சலோடு பல்லுக்குக் கொண்டுபோவது அந்தக் கணத்தில்தான்.

இன்னொரு சிக்கல் குறி இருக்கும் இடம். அது சீலின் அகலத்துக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போனாலும் ஷாம்பு கசியும். அதனால் குறியைச் சின்னதாகப் போடுகிறார்கள். கிழிசல் முதலில் கடக்க வேண்டியது முன்பக்கமும் பின்பக்கமும் உருகி ஒன்றாகிப்போன பகுதி. பாக்கெட்டிலேயே கனமான இடம் அது. அந்த முதல் சில மில்லிமீட்டர்தான் பாடு. தாண்டிவிட்டால் பிறகு ஒன்றுமில்லை.

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே துளைக்கோடு இருக்கும். கடைக்காரர் ஒரு கையில் சில்லறையை எண்ணியபடியே மறுகையால் வெடுக்கென்று இழுப்பார். கோட்டை விட்டுக் கோணலாகக் கிழிந்தால், உங்கள் பாக்கெட்டின் குறி மேலே தொங்கும் பாக்கெட்டோடு தங்கிவிடும். உங்களுக்கு வருவது குறியில்லாத மொட்டை விளிம்பு. குறி அச்சில் இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் தொழிற்சாலையிலேயே நடப்பது. வெட்டும் கத்தி அச்சோடு பொருந்தாமல் சற்று நகர்ந்தால், “இங்கே கிழிக்கவும்” என்ற எழுத்து ஓரிடத்திலும் உண்மையான வெட்டு வேறிடத்திலும் விழும். எழுத்தை நம்பாதீர்கள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்; குறி இருந்தால் விரலுக்குத் தெரியும்.

கிழிக்கும் முறை இது. குறியின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு கட்டைவிரல் நகங்களும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையை உங்களை நோக்கியும் மற்றதை எதிர்ப்பக்கமும் தள்ளுங்கள். பெரும்பாலோர் விரல்களைத் தள்ளிவைத்துக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கிறார்கள். அப்போது விசை பிலிம் முழுக்கப் பரவி, அது நீள்கிறதே தவிர கிழிவதில்லை. ஈரக்கையில் இதெல்லாம் நடக்காது. பாக்கெட்டைச் சோதிக்கிறவர்கள் குளிரூட்டிய அறையில் உலர்ந்த கையோடு சோதிக்கிறார்கள். நாமோ தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் பாக்கெட்டைத் தேடுகிறோம். குளிக்கப் போகும்போதே கிழித்துச் சாய்த்து வைத்துவிடுவது நல்லது.

ரம்பப்பல் விளிம்போடு வரும் பாக்கெட்டுகள் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு வெட்டுக்குறி. எங்கே பிடித்தாலும் தொடங்கலாம். காபித்தூள், தக்காளி சாஸ் பாக்கெட்டுகளில் பார்த்திருப்பீர்கள். கத்தியின் வடிவத்தை மாற்றினால் போதும், பாக்கெட்டுக்குக் கூடுதல் பொருள் எதுவும் ஆகாது. எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை என்று கேட்டால் நேர்மையான பதில் இதுதான்: கேட்பார் இல்லை.

சாஷே என்ற இந்தச் சின்ன பாக்கெட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக்கதை உண்டு. ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்துக்கு முன்னோடியாகக் கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சொல்வார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கியதுதான் பிறகு கெவின்கேர் நிறுவனம் ஆனது. அவர்களின் சிக் ஷாம்புவுக்கு ஒரு திட்டம் இருந்தது: காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம். முதலில் எந்த ஷாம்புவின் காலி பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனைத் தந்திரமாகத்தான் இது இன்றும் பேசப்படுகிறது. எனக்குப் படுவது வேறு. திறந்த பிறகு அந்தக் காலி உறைக்கும் ஒரு விலை இருந்த காலம் அது. இன்று அதே உறையைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். ஒட்டிய படலங்களைப் பிரிப்பது லாபமான வேலை அல்ல.

பால் பாக்கெட் இதற்கு நேர்மாறு. முழுக்கப் பாலித்தீன், கனம் ஏறக்குறைய 50 மைக்ரான். சுருளாக வரும் பிலிமை இயந்திரம் குழாயாக வளைத்து, முதுகில் நெடுக ஒரு சீலும் மேலும் கீழும் குறுக்குச் சீலும் போடும். குறி போடாததற்குக் காரணம், போட்டும் பயனில்லை என்பதுதான். பாலித்தீன் கையால் நேராகக் கிழியாது, இழுபட்டு இழுபட்டு எங்கேயோ பிய்யும். அத்தோடு ஒன்றின்மேல் ஒன்று கிடந்து டப்பில் பயணம் செய்யும் பாக்கெட்டில் வெட்டு என்பது கசிவுக்குக் கொடுக்கும் அழைப்பிதழ். இங்கே கத்தரிதான் சரி. முதலில் பாக்கெட்டின் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். விடியற்காலையில் அது எந்தத் திண்ணையில், எந்தத் தெருவோரத்தில் இறக்கிவைக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. பாத்திரத்தின் மேலே பிடித்து, ஒரு மூலையைக் கிள்ளிப் பாலைக் கீழே தள்ளிவிட்டு வெட்டுங்கள்.

வெட்டும்போது முனையை முழுக்க நறுக்கி எறிய வேண்டாம். முக்கால்வாசி வெட்டினால் போதும். அந்த முக்கோணத் துண்டு பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். காலி பால் பாக்கெட் ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சிக்கு ஏற்றது. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்குப் போட முடியும். நம் வீடுகளில் வெகுகாலமாக நடப்பதுதான் இது. ஆனால் நறுக்கி விழுந்த துண்டை யாரும் பொறுக்குவதில்லை. அது சிங்க் தொட்டி வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. பெரியது சேகரிக்கப்படும், சிறியது தப்பிவிடும் என்பது குப்பை பிரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வேறு வழியில்லை, பாலைக் காகிதத்தில் கட்டித்தர முடியாது. அந்த விலக்குக்குப் பதிலாக நம்மால் செய்ய முடிந்தது கத்தரியை முக்கால் தூரத்தில் நிறுத்துவது.

இங்கே ஒரு பக்கவாட்டுச் செய்தி. பால் பாக்கெட்டில் எவ்வளவோ அச்சிட்டிருக்கிறார்கள். நாம் படிப்பது நிறத்தை மட்டும்தான். ஆவினில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால், பச்சை என்றால் 4.5 சதவீதம், ஆரஞ்சு என்றால் 6 சதவீதம். கடையில் யாரும் சதவீதத்தைச் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. “ரெண்டு பச்சை, ஒரு நீலம்” என்றால் முடிந்தது. உறையில் மக்கள் உண்மையில் பயன்படுத்தும் பகுதி எது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பாலை ஊற்றியதும் பாக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் அடுப்பிலிருக்கும் பாலில் சேர்க்கும் வழக்கத்தைக் கஞ்சத்தனம் என்று இளையவர்கள் சிரிக்கிறார்கள். தட்டையான பையின் இரு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும்போது நடுவில் ஒரு மெல்லிய பால்படலம் நிற்பது இயற்கை. குலுக்கினால் அது வராது. அலசுவதுதான் வழி, உறையும் அதோடு சுத்தமாகிவிடும். பற்பசைக் குழாயைக் கடைசியில் கத்தரியால் வெட்டுவதும் இதே வகை. பழைய அலுமினியக் குழாயை நசுக்கினால் நசுங்கியபடியே கிடக்கும், பசை முன்னால் நிற்கும். இப்போதைய பிளாஸ்டிக் குழாய் கையை எடுத்தவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பிக் காற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டும்.

சிப்ஸ் பாக்கெட்டைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதை ஓரத்திலிருந்து கிழிக்கக் கூடாது. முன்முகத்தையும் பின்முகத்தையும் மேல் சீலுக்குச் சற்றுக் கீழே இரு கைகளாலும் கிள்ளிப் பிடித்து, மெதுவாக எதிரெதிர்த் திசையில் இழுக்க வேண்டும். சீல் பிரிந்து வாய் திறக்கும். அந்த உறை பாலிபுரொப்பிலீன். கிழிசல் விழுந்துவிட்டால் நிற்காமல் நேராக அடிவரை போகும் குணம் அதற்கு. சீல் பிலிமைவிட வலுவாகப் போடப்பட்டிருந்தால், அல்லது நீங்கள் வெடுக்கென்று இழுத்தால், பிரிய வேண்டியது பிரியாமல் பிலிம் பிளக்கும். இரண்டுமுறை மெதுவாக இழுத்தும் வரவில்லையா, கத்தரியை எடுங்கள். உள்ளே இருக்கும் காற்றைப் பற்றி எல்லோரும் கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் அது நைட்ரஜன். எண்ணெய் சிக்கடிக்காமலும் சிப்ஸ் நொறுங்காமலும் இருக்க அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதில் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

அட்டைப் பெட்டியில் வரும் ஜூஸ் ‘குபுக் குபுக்’ என்று துள்ளி மேசையில் சிந்துகிறதா? வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்க்கிறீர்கள். வாய் மேல்விளிம்பில் இருக்கும்படி திருப்பிச் சாய்த்தால் ஜூஸ் போகும்போதே காற்று உள்ளே வந்துவிடும். எண்ணெய் டின்னில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை போடுவதும் இதற்காகவே. எண்ணெய் பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை; பை சுருங்கிக்கொள்ளும், காற்று தேவைப்படாது. அதற்குத் துளை சிறியதாக இருந்தால் போதும்.

ஓட்டல் பார்சலில் வரும் சட்னி, சாம்பார் பொட்டலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பார்சல் கட்டுகிறவர் தலைக்கு மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, பையின் கழுத்தில் விறுவிறுவென்று சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளே இழுத்து அறுத்துவிடுவார். அதில் பெரும்பாலும் முடிச்சே கிடையாது. நுனியைத் தேடிப் பிடித்துச் சுற்றிய திசைக்கு எதிராகப் பிரித்தால் கழன்றுவிடும். நாம் அதைத் தேடாமல் பையைக் குத்துகிறோம், சாம்பார் சட்டைக்கு வருகிறது. இலையும் காகிதமும் வைத்து மடித்த சாப்பாட்டுப் பொட்டலத்துக்கோ கத்தரியும் வேண்டாம், பல்லும் வேண்டாம். பிரித்தால் அதுவே தட்டு. (அச்சிட்ட செய்தித்தாளில் நேரடியாக உணவைப் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியிருக்கிறது, இலை நடுவில் இருக்கட்டும்.)

இனி மாத்திரை. மேலே சொன்னவற்றில் தவறினால் சட்டைதான் அழுக்காகும், இங்கே அப்படியல்ல.

மாத்திரை உறைகளில் பொதுவாக மூன்று வகை. ஒன்று, குமிழ் குமிழாகப் பிளாஸ்டிக்கும் பின்னால் மெல்லிய அலுமினியத் தாளும்; குமிழை அழுத்தினால் மாத்திரை தாளைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டாவது, இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய பட்டை. இதை அழுத்தக் கூடாது, கிழிக்க வேண்டும். மூன்றாவது, குமிழே அலுமினியத்தால் ஆன ‘அலு-அலு’. ஈரம் பட்டால் கெடும் மருந்துகளைத்தான் பெரும்பாலும் இதில் வைக்கிறார்கள். உங்கள் அம்மா எந்த வகையோடு போராடுகிறார் என்று பாருங்கள். இரண்டாவது வகையைக் குமிழ்போல அழுத்தினால் மாத்திரை உள்ளேயே நொறுங்கும். முதல் வகையில் கட்டைவிரலின் நுனியால் அழுத்தாமல், குமிழின் ஒரு விளிம்பில் அழுத்தினால் தாள் எளிதாகக் கிழியும். மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவும் முடியாது. சின்னக் கத்தரியால் பின்பக்கத் தாளில் ஒரு கீறல் போட்டுக் கொடுங்கள்.

வாரத்துக்கான மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தால், அலு-அலுவில் வந்தவற்றை மட்டும் அப்படிச் செய்வதற்கு முன் மருந்துக்கடையில் கேளுங்கள். அட்டையை ஒவ்வொரு குமிழாகத் துண்டு போட்டுக் கொடுப்பதும் ஆபத்து. கூர்மையான நான்கு மூலைகளோடு அந்தத் துண்டையே முதியவர்கள் மாத்திரையோடு விழுங்கிவிட்டு, தொண்டையும் உணவுக்குழாயும் கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ஜப்பானில் இதற்காகவே அட்டையில் துளைக்கோட்டை ஒரு திசையில் மட்டும் போடுகிறார்கள். ஒற்றைக் குமிழாகப் பிய்க்க வராது.

கடையில் நான்கு மாத்திரை கேட்டால் பட்டையை நறுக்கித் தருவது நம் ஊர் வழக்கம். பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு முனையில் மட்டும் இருந்தால், நறுக்கிய துண்டு பெயரில்லாத மருந்தாகிவிடும். நல்ல மருந்தாளுநர் தேதி உள்ள முனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து நறுக்குவார். அப்போதும் உங்களுக்குக் கிடைப்பது தேதியில்லாத துண்டுதான். ஆகவே முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பில் வாங்குங்கள், அதில் பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. நறுக்கிய துண்டில் அது வராமல் போனால் இருந்தும் பயனில்லை.

திறக்க முடியாமை வேண்டுமென்றே உருவாக்கப்படும் இடம் ஒன்று உண்டு: குழந்தைகள் திறக்க முடியாத மூடி. அமெரிக்காவில் 1970இல் இதற்கென்று சட்டம் வந்தது. சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து பாட்டிலைக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் திறக்காவிட்டால் ஒருவர் அவர்கள் கண்முன் திறந்து காட்டி, “வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம்” என்று சொல்லி மேலும் ஐந்து நிமிடம் கொடுப்பார். 80 சதவீதக் குழந்தைகளாவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயதுக்காரர்களில் 90 சதவீதம் பேர் திறந்து, திரும்ப மூடவும் வேண்டும். பல் என்பது திறக்கும் கருவிகளில் ஒன்று என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட சோதனை இது. ஷாம்பு பாக்கெட்டுக்கும் ஈரக்கையோடு யாரையாவது உட்காரவைத்துச் சோதித்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் ஊர் இருமல் மருந்து பாட்டில்களில் பெரும்பாலும் சாதாரணத் திருகுமூடிதான். உயரமான அலமாரிதான் ஒரே பாதுகாப்பு.

கடைசியாக, பாக்கெட் கிழியவில்லை என்று புகார் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நுகர்வோர் புகாருக்கான முகவரியும் தொலைபேசி எண்ணும் உறையில் இருந்தாக வேண்டும். “திறக்க வரவில்லை” என்று மட்டும் எழுதினால் கிணற்றில் போட்ட கல். பேட்ச் எண் தெரியும்படி ஒரு படமும், கிழிசல் எங்கே தொடங்கி எங்கே விலகிப்போனது என்று காட்டும் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். பேட்ச் எண்ணை வைத்து அது என்றைக்கு எந்த இயந்திரத்தில் ஓடியது என்று பார்த்துவிடலாம். வெள்ளைப் படலம் நீண்டிருந்தால் பிலிம் ஒட்டியவர் மேல் தவறு. குறி விலகியிருந்தால் வெட்டும் கத்தி மேல். புகாருக்கு அனுப்பும்வரை காலி உறையை எறிந்துவிடாதீர்கள். சில நிறுவனங்கள் அதையே கேட்டு வாங்குவார்கள்.